மன்னிப்புக்குப் பிறகு நான்கு ஆண்டுகள்

2011ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை நண்பகல், அலுவலக நண்பர்கள் மூவருடன் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சிங்கப்பூர் ஆற்றோரம் யூஓபி பிளாசா கட்டடத்துக்கு அருகே நடந்த மக்கள் செயல் கட்சியின் தேர்தல் கூட்டத்தைக் கேட்கப் போயிருந்தேன். வாக்களிப்புக்கு நான்கு நாள்களே இருந்தன. பிரதமர் லீ சியன் லூங் பேச வந்தபோது, தேர்தலுக்குத் தேர்தல் நாங்கள் கேட்டுப் பழகிய சாதனைப் பட்டியலைத்தான் எதிர்பார்த்தோம். அவரோ குறையே இல்லாத அரசாங்கம் என்று ஒன்று இல்லை எனத் தொடங்கி, 2008இல் பயங்கரவாதச் சந்தேக நபர் மாஸ் சலாமத் தடுப்புக்காவலிலிருந்து தப்பியது, 2010இல் ஆர்ச்சர்ட் ரோட்டை வெள்ளம் சூழ்ந்தது, வீடுகள் போதாமல் போனது, ரயில்களில் நெரிசல் மிகுந்தது ஆகியவற்றைத் தாமாகவே எடுத்துச் சொன்னார். சரியாகச் செய்யாமல் விட்டிருந்தால் அதற்காக வருந்துவதாகவும், அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்ய முயல்வதாகவும் அவர் கூறியபோது, எங்களைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசினோம். "இருந்தால்" என்ற சொல் சேர்ந்துவிட்டால் அது பாதி மன்னிப்புதான் என்றார் ஒருவர். தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் பேசுகிறார் என்றார் இன்னொருவர். நான் கணக்குத் துறையில் வேலை செய்கிறவன். ஏட்டில் பிழை இருப்பதை ஒப்புக்கொள்வது ஒரு வேலை, அந்தப் பிழையைத் திருத்தும் பதிவை எழுதுவது வேறொரு வேலை என்பதை நாள்தோறும் பார்ப்பவன். எனக்கு அன்று அந்தப் பேச்சு பிடித்திருந்தது என்றாலும், திருத்தப் பதிவு எப்போது வரும், அதற்கான செலவு யார் கணக்கில் ஏறும் என்பதே மனத்தில் நின்ற கேள்வி. அதற்குப் பிந்திய நான்கு ஆண்டுகளை நான் கவனித்ததும் அந்தக் கேள்வியோடுதான். தேர்தலில் அடிபட்ட ஓர் அரசாங்கத் தலைவர் மக்களின் நம்பிக்கையை எப்படித் திரும்பப் பெறுகிறார் என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்த விடை அந்த ஆண்டுகளில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குச் சில நாள்களுக்கு முன்புதான், மதியுரை அமைச்சராக இருந்த லீ குவான் இயூ, அல்ஜுனிட் குழுத்தொகுதி (பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நின்று, ஒன்றாக வெல்லும் அல்லது தோற்கும் தொகுதி) மக்கள் எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து ஆண்டுகள் இருந்து வருந்த வேண்டியிருக்கும் என்ற பொருள்படப் பேசியிருந்தார். தந்தையின் எச்சரிக்கையும் மகனின் வருத்தமும் ஒரே வாரத்தில் எங்கள் காதில் விழுந்தன. ஒரு தலைமுறையோடு பேசிய முறை அடுத்த தலைமுறையிடம் எடுபடவில்லை என்பதைப் பிரதமர் புரிந்துகொண்டிருந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

மே 7ஆம் தேதி வாக்களிப்பு நடந்தது. முடிவுகள் முழுமையாக வெளிவர மறுநாள் விடியற்காலை ஆயிற்று. வெளிநாட்டிலிருந்து பார்ப்பவருக்கு இதைப் பின்னடைவு என்று அழைப்பதே விந்தையாகத் தோன்றும். மொத்தம் 87 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 81 கிடைத்தன; வாக்குகளில் 60.1 விழுக்காடு. எந்த நாட்டிலும் அது மாபெரும் வெற்றிதான். ஆனால், 2001இல் அந்த விழுக்காடு 75.3, 2006இல் 66.6. சுதந்திரத்துக்குப் பிந்திய பொதுத்தேர்தல்களில் அக்கட்சி இவ்வளவு குறைவாக வாக்குகள் பெற்றதில்லை. அதைவிடப் பெரிய செய்தி அல்ஜுனிட். 1988இல் குழுத்தொகுதி முறை வந்த நாளிலிருந்து எந்த எதிர்க்கட்சியாலும் ஒரு குழுத்தொகுதியைக்கூடப் பிடிக்க முடிந்ததில்லை. ஹவ்காங்கில் தமக்கு உறுதியாக இருந்த தனித்தொகுதியை விட்டுவிட்டு அல்ஜுனிட்டுக்கு வந்த லோ தியா கியாங், சில்வியா லிம் உள்ளிட்ட பாட்டாளிக் கட்சி அணி, 54.7 விழுக்காடு வாக்குகளுடன் அதை வென்றது. வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் இயோவும், நாட்டின் முதல் முழுநிலைப் பெண் அமைச்சரான லிம் ஹுவீ ஹுவாவும் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறினார்கள். ஜார்ஜ் இயோ மீது எவருக்கும் தனிப்பட்ட கோபம் இருந்ததாக நான் கேட்டதில்லை. மற்றவர்கள் மீதிருந்த கோபத்துக்கு அவர் விலை கொடுத்தார்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போவது முறையாகாது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2010இல் 50 லட்சத்தைத் தாண்டியது. பத்தே ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் கூடினால், அவர்களுக்கான வீடும் ரயிலும் மருத்துவமனைப் படுக்கையும் முன்கூட்டியே தயாராகியிருக்க வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறானது. 1997ஆம் ஆண்டின் ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் ஆயிரக்கணக்கான வீடுகள் விற்காமல் தேங்கின. சூடுபட்ட கழகம், போதுமான விண்ணப்பங்கள் சேர்ந்த பிறகே கட்டத் தொடங்கும் பிடிஓ முறைக்கு மாறியது. காலி வீடுகளின் மேல் வரிப்பணத்தை முடக்கக் கூடாது என்ற சிந்தனையில் தவறில்லை. ஆயினும், அதே பத்தாண்டில் ஆட்களை வரவேற்கும் கதவைத் திறந்துவைத்த அமைச்சும், வீடு கட்டுவதைக் குறைத்துக்கொண்ட அமைச்சும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தனவா என்ற ஐயம் எங்களில் பலருக்கு இருந்தது. என் அண்ணன் மகனும் அவன் மணக்கவிருந்த பெண்ணும் பிடிஓவுக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் நல்ல வரிசை எண் கிடைக்காமல், மறுவிற்பனைச் சந்தையில் கேட்ட விலையைக் கொடுக்கவும் முடியாமல், திருமணத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். காலையில் ஈசூனில் நான் ஏற வேண்டிய ரயிலில் கால் வைக்க இடமின்றி இரண்டு மூன்று ரயில்களை விட்டுவிட்டு நிற்பது அன்றாட வழக்கமாகியிருந்தது. இவற்றையெல்லாம் சொன்னால், புள்ளிவிவரங்களை வைத்து நிலைமை நன்றாகவே இருக்கிறது என்று விளக்குவார்கள். நெரிசலைவிட, எங்கள் கண்ணால் பார்ப்பதை இல்லை என்று சொன்ன அந்த விளக்கம்தான் எங்களை அதிகம் புண்படுத்தியது.

தேர்தல் முடிந்த ஒரு வாரத்தில், மே 14ஆம் தேதி, லீ குவான் இயூவும் மூத்த அமைச்சர் கோ சோக் டோங்கும் அமைச்சரவையிலிருந்து விலகுவதாகக் கூட்டாக அறிவித்தார்கள். அந்த முன்னாள் பிரதமர்கள் இருவருமே இல்லாத அமைச்சரவையை என் தலைமுறை அதுவரை பார்த்ததில்லை. அதற்கு அடுத்து வந்த அமைச்சரவை மாற்றம்தான், என் பார்வையில், மன்னிப்புக்கு வந்த முதல் திருத்தப் பதிவு. மாஸ் சலாமத் தப்பியபோது உள்துறையைக் கவனித்த வோங் கான் செங், வீடமைப்புக்குப் பொறுப்பாக இருந்த மா பௌ டான், போக்குவரத்து அமைச்சர் ரேமண்ட் லிம் ஆகிய மூவரும் புதிய அமைச்சரவையில் இடம்பெறவில்லை. ஆற்றோரக் கூட்டத்தில் பிரதமர் குறிப்பிட்ட குறைகளையும் விலகிய அமைச்சர்களின் துறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் பொருந்துவதை எவரும் காணலாம். ஒருவரையும் வெளிப்படையாகக் குற்றம் சொல்லவில்லை. அவர்களின் நீண்டகாலச் சேவைக்கு நன்றி சொல்லியே வழியனுப்பினார்கள். அந்தக் கண்ணியம் எனக்குப் பிடித்திருந்தது. எனினும், பொறுப்பில் இருந்தவர்கள் பொறுப்பை விட்டு இறங்கினார்கள் என்பது எல்லாருக்கும் விளங்கிற்று.

இரண்டாவது பதிவு சம்பளம். எங்கள் அமைச்சர்களின் சம்பளம் உலகம் அறிந்த விவகாரம். ஆறு தொழில்துறைகளில் மிக அதிகமாகச் சம்பாதிக்கும் தலா எட்டுப் பேரின் வருமானத்தை வைத்து அமைச்சர்களின் சம்பளத்தைக் கணக்கிடும் முறை பல ஆண்டுகளாக நடப்பில் இருந்தது. திறமையானவர்களை ஈர்க்கவும் ஊழலைத் தடுக்கவும் அது தேவை என்ற வாதத்தை நானும் ஓரளவுக்கு ஏற்றுக்கொண்டிருந்தேன். ஆனால், மாதம் ஆயிரம் வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) கிடைக்காத துப்புரவாளர் தட்டுகளை அடுக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த வாதத்தை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. மே மாதத்திலேயே ஜெரார்ட் ஈ தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2012 ஜனவரியில் அது தன் பரிந்துரைகளை வெளியிட்டது. பிரதமரின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 30 லட்சத்து 70 ஆயிரம் வெள்ளியிலிருந்து 22 லட்சம் வெள்ளியாக, 28 விழுக்காடு குறைந்தது. அதிபரின் சம்பளம் பாதிக்கு மேல் குறைந்தது. அரசியல் பதவிகளுக்கான ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது. அதிகம் சம்பாதிக்கும் 1,000 சிங்கப்பூரர்களின் இடைநிலை வருமானத்தை எடுத்து, பொதுச்சேவையின் அடையாளமாக அதில் 40 விழுக்காட்டைக் கழிப்பது புதிய முறை. புதிய சம்பளம், அமைச்சரவை பதவியேற்ற 2011 மே 21ஆம் தேதியிலிருந்தே நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. குறைத்த பிறகும் அது உலகின் மிக உயர்ந்த சம்பளங்களில் ஒன்றுதான் என்று பலர் சொன்னார்கள், அது உண்மையும்கூட. எனக்கு முக்கியமாகப் பட்டது வரிசைமுறை. மக்களிடம் பொறுமை கேட்பதற்கு முன்னால் தங்கள் பையில் கை வைத்தார்கள். வருத்தம் தெரிவித்தவர்களே முதல் செலவையும் ஏற்றுக்கொண்டதால்தான், பின்னால் வந்த அறிவிப்புகளுக்கு நாங்கள் காது கொடுத்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் கோபம் உடனே தணிந்துவிடவில்லை. 2011 ஆகஸ்ட் 27ஆம் தேதி அதிபர் தேர்தலில், அரசாங்கத்துக்கு உகந்தவர் என்று பரவலாகக் கருதப்பட்ட முன்னாள் துணைப் பிரதமர் டோனி டான் 35.2 விழுக்காடு பெற்று, டான் செங் போக்கை 7,382 வாக்குகளில்தான் முந்தினார். டிசம்பர் 15, 17ஆம் தேதிகளில் வடக்குத் தெற்கு ரயில் பாதை செயலிழந்து, லட்சக்கணக்கான பயணிகள் அவதிப்பட்டார்கள்; சுரங்கத்துக்குள் நின்றுபோன ரயிலின் இருட்டில் காற்றுக்காகக் கண்ணாடியை உடைத்தவர்களும் உண்டு. விசாரணைக் குழு அமைத்து, பராமரிப்பில் இருந்த குறைகளைப் பொதுவில் விசாரித்தார்கள்.

வீடமைப்பில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. புதிய தேசிய வளர்ச்சி அமைச்சர் கோ பூன் வான் பொறுப்பேற்ற 2011இலேயே 25,000 பிடிஓ வீடுகள் விற்பனைக்கு விடப்பட்டன. அடுத்த ஆண்டுகளிலும் அதே வேகம் தொடர்ந்தது. குடும்ப வருமான உச்சவரம்பு 8,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளிக்கு உயர்ந்தது. மறுவிற்பனைச் சந்தையில் விலை ஏறும்போதெல்லாம் புதிய வீட்டின் விலையும் பின்னாலேயே ஏறிய கட்டு அவிழ்க்கப்பட்டது. 2013இலிருந்து, 35 வயதான மணமாகாதவர்களும் ஈரறை வீட்டைப் புதிதாக வாங்கலாம் என்றார்கள். ஆனாலும், ஒரு வீட்டை அறிவிப்பதற்கும் அதன் சாவியைக் கையில் வாங்குவதற்கும் இடையே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். 2012இல் அண்ணன் மகனுக்கு வரிசை எண் கிடைத்தது. சாவி கிடைத்தது 2015இல். நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில் அவன் கையில் ஒரு கடிதமும், ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரு கட்டுமானத் தளமும்தான் இருந்தன. ஒவ்வொரு முறை போகும்போதும் இரண்டு மாடிகள் கூடியிருந்தன என்று அவன் சொல்வான். ஓர் அரசாங்கத்தின் மீது நம்பிக்கை திரும்புவதை நான் அருகிலிருந்து பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

பேருந்துகளையும் சொல்ல வேண்டும். 2012இல் அரசாங்கம் 110 கோடி வெள்ளியை ஒதுக்கி, நூற்றுக்கணக்கான கூடுதல் பேருந்துகளைத் தன் செலவில் வாங்கிச் சாலையில் விட்டது. இலாபம் ஈட்டும் நிறுவனங்களுக்கு வரிப்பணமா என்ற எதிர்ப்பு எழுந்தது. நானும் அதைக் கேட்டவர்களில் ஒருவன். பின்னர் 2014இல், பேருந்துகளை அரசாங்கமே சொந்தமாக வைத்துக்கொண்டு தடங்களை ஏலக்குத்தகைக்கு விடும் முறை அறிவிக்கப்பட்டபோது, முன்னதாகக் கேட்ட கேள்விக்குத் தாமதமாக ஒரு விடை கிடைத்ததுபோல் இருந்தது.

2012ஆம் ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையை ஒட்டித் தொடங்கிய 'நமது சிங்கப்பூர் கலந்துரையாடல்' எனக்கு முதலில் நம்பிக்கை தரவில்லை. அமைச்சர் ஹெங் சுவீ கியட் தலைமையில், ஓராண்டு காலம், 660க்கும் அதிகமான கூட்டங்கள், ஏறத்தாழ 47,000 பேர் என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். பேசவிட்டுக் கோபத்தை ஆற்றும் ஏற்பாடு என்றே நினைத்துக்கொண்டு, ஒரு சமூக மன்றத்தில் தமிழில் நடந்த கூட்டத்துக்கு நண்பரின் வற்புறுத்தலால் போனேன். முப்பது பேர் இருந்திருப்போம். மேடை இல்லை. வட்டமாக நாற்காலி போட்டு, நெறியாளர் எல்லாருக்கும் ஒரு துண்டு அட்டையைக் கொடுத்து, 2030இல் இந்த நாடு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். பதினோரு வயது மகனைத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காக நான்கு துணைப்பாட வகுப்புகளுக்கு அனுப்புவதாகச் சொன்ன தகப்பன், "பையன் தூங்கட்டும்" என்று இரண்டே சொற்களை எழுதியிருந்தார். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா, தாம் மருத்துவமனைக்குப் போகப் பயப்படுவது நோய்க்காக அல்ல, பிள்ளைகளுக்கு வரப்போகும் கட்டணச் சீட்டுக்காக என்றார். அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

2013 ஆகஸ்ட் 18ஆம் தேதி, பிரதமர் தம் தேசிய தினக் கூட்ட உரையில், நாடு ஒரு திருப்புமுனையில் இருப்பதாகவும், தனிமனிதர் மீதிருக்கும் சுமையில் சமூகமும் அரசாங்கமும் இன்னும் அதிகமாகப் பங்கெடுக்க வேண்டியிருப்பதாகவும் கூறினார். ஏற்கெனவே நோய் இருப்பவர்கள் உட்பட எல்லாரையும் வாழ்நாள் முழுவதும் காக்கும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி அன்று அறிவிக்கப்பட்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்காகப் பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் முறையை மாற்றப்போவதாகவும் சொன்னார். அந்தச் சமூக மன்ற அறையில் எழுதிய இரண்டு அட்டைகளையும் நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் முப்பது பேரின் பேச்சால் சட்டம் மாறிற்று என்று நம்பும் அளவுக்கு நான் வெகுளியல்ல. கொள்கை வகுப்பவர்கள் அதற்கு முன்பே அந்தத் திசையில் யோசித்திருக்கக்கூடும். ஆனால், வந்து சேர்ந்த முடிவில், சொன்னவர்களின் சொல் அடையாளம் தெரிந்தது. முன்பெல்லாம் முடிவு முதலில் வரும், விளக்கம் பிறகு வரும்.

அந்தப் பழைய பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கும் அதே 2013ஆம் ஆண்டுதான் சாட்சி. நாடாளுமன்ற நாயகராக இருந்த மைக்கல் பால்மர் பதவி விலகியதால் பொங்கோல் ஈஸ்ட்டில் ஜனவரி 26ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. 2011இல் 54.5 விழுக்காட்டுடன் ஆளுங்கட்சி வென்ற தொகுதி, ஏறக்குறைய அதே 54.5 விழுக்காட்டுடன் பாட்டாளிக் கட்சியின் லீ லி லியனுக்குப் போயிற்று. சரியாக மூன்று நாள்கள் கழித்து, ஜனவரி 29ஆம் தேதி, மக்கள்தொகை வெள்ளை அறிக்கை வெளியானது. 2030இல் மக்கள்தொகை 69 லட்சம் வரை எட்டக்கூடும் என்ற ஓர் எண் அதில் இருந்தது. அந்த எண்ணைத் தவிர அறிக்கையில் வேறெதையும் எவரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. கலந்துரையாடல் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த வேளையில், எல்லாவற்றையும்விட மக்களைக் கவலைப்படுத்திய ஒரு பொருளைப் பற்றிய அறிக்கை, மக்களிடம் பேசி முடிக்கும் முன்பே அச்சாகி வந்துவிட்டது. ரயில் நெரிசலில் நின்றுகொண்டே கைபேசியில் அந்தச் செய்தியைப் படித்தவர்களின் முகத்தை நான் பார்த்தேன். நாடாளுமன்றத்தில் ஐந்து நாள் விவாதம் நடந்தது. அந்த எண் இலக்கு அன்று, உள்கட்டமைப்புத் திட்டமிடலுக்கான அளவு மட்டுமே என்று தீர்மானத்தின் சொற்கள் திருத்தப்பட்டு, 77 வாக்குகளுக்கு 13 என்ற கணக்கில் நிறைவேறியது. பிப்ரவரி 16ஆம் தேதி ஹொங் லிம் பூங்காவில், மழையில், ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இந்த ஊரில் அது அரிய காட்சி.

இந்த ஒன்றில் பிரதமரின் அரசாங்கம் தவறியது என்றே இன்றும் எண்ணுகிறேன். முதியோர் பெருகுகிறார்கள், பிள்ளைப்பேறு குறைகிறது, உழைக்கும் வயதினர் சுருங்குகிறார்கள் என்ற அறிக்கையின் கவலைகள் உண்மையானவை. ஆனால், 2011இல் மக்கள் சொன்ன செய்தியின் நடுப்பகுதியே மக்கள்தொகைதான். வீட்டையும் பேருந்தையும் பணத்தால் திருத்த முடிந்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரின் முகத்தை மாற்றுகிறார்கள் என்ற உணர்வைப் பணத்தால் திருத்த இயலவில்லை. இதே காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மீது பாய்ந்த கடுஞ்சொற்களையும் நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளங்களில் உழைத்த இளைஞர்கள், அவர்களுக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு கொள்கைக்காகப் பேருந்தில் முகச்சுளிப்பை வாங்கினார்கள். அரசாங்கம் முன்னதாகவும் நேர்மையாகவும் பேசியிருந்தால், அந்தக் கோபம் அவர்கள் மேல் போய் விழுந்திருக்காது.

2014இல் வந்த முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத்திட்டத்தைப் பற்றி எழுதும்போது என்னால் ஒதுங்கி நின்று எழுத முடியாது. 1949 இறுதிக்குள் பிறந்து, 1986 இறுதிக்குள் குடியுரிமை பெற்ற ஏறத்தாழ 4,50,000 பேருக்கு, அவர்கள் பணக்காரரா ஏழையா என்று பாராமல், வாழ்நாள் முழுவதும் மருத்துவச் செலவில் உதவும் திட்டம் அது. நிதியமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்னம், அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே அதற்காக 800 கோடி வெள்ளியை ஒதுக்கினார். அடுத்த தலைமுறையின் தலையில் கடனாக அது விழக் கூடாது என்பது நோக்கம். கணக்குத் துறையில் இருப்பவன் என்ற முறையில் அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன்.

என் அம்மா 1938இல் பிறந்தவர். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்தார். 1971இல் பிரிட்டிஷார் வெளியேறியபோது வேலை போனது. அம்மா வீடு வீடாகத் துணி துவைத்துத்தான் எங்களை வளர்த்தார். யாரும் அவரை முன்னோடி என்று அழைத்ததில்லை. பிரதமரின் கையொப்பத்தோடு தமிழிலும் விளக்கம் கொண்ட கடிதமும் ஓர் அட்டையும் வந்த நாளில், என்னை இரண்டு முறை படித்துக்காட்டச் சொன்னார். பலதுறை மருந்தகத்தில் அவருடைய கட்டணம் பாதியாகக் குறைந்தது. மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்புக் கணக்கில் ஆண்டுதோறும் 600 வெள்ளி சேர்ந்தது. அதைவிட, மருந்தகத்தின் முகப்பில் அந்த அட்டையை நீட்டும்போது அவர் சற்று நிமிர்ந்து நிற்பதை நான் கவனித்திருக்கிறேன். வாக்குக்காகக் கொடுக்கிறார்கள் என்ற விமர்சனம் அப்போதே இருந்தது. இருக்கலாம். மக்களாட்சியில் வாக்கை எண்ணி நல்லது செய்வது குற்றமில்லை. வாக்கு குறைந்த பிறகுதான் அந்த முதியவர்கள் நினைவுக்கு வந்தார்களே என்பதுதான் என் வருத்தம்.

2015 மார்ச் 23ஆம் தேதி லீ குவான் இயூ தம் 91ஆம் வயதில் காலமானார். நாடாளுமன்றக் கட்டடத்தில் அஞ்சலி செலுத்த நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். நானும் ஐந்து மணி நேரம் நின்றேன். ஆகஸ்ட்டில் நாட்டின் பொன்விழா. செப்டம்பர் 11ஆம் தேதி பொதுத்தேர்தல். சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக எல்லாத் தொகுதிகளிலும் போட்டி இருந்தது. ஆளுங்கட்சிக்கு 69.9 விழுக்காடு, 89இல் 83 இடங்கள். பொங்கோல் ஈஸ்ட் திரும்பக் கிடைத்தது. அல்ஜுனிட் 2,600 வாக்குச் சொச்சத்தில்தான் பாட்டாளிக் கட்சியிடம் தங்கியது.

இதில் எவ்வளவு பங்கு நான்காண்டு உழைப்புக்கு, எவ்வளவு பங்கு துயரத்துக்கும் விழாவுக்கும் என்று பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் இல்லை. நகர மன்ற நிர்வாகக் கணக்குகளில் பாட்டாளிக் கட்சிக்கு எழுந்த சிக்கலும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால், ஒன்றை மட்டும் பார்த்தேன். தேர்தலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஜூலை 7ஆம் தேதி மாலையில், வடக்குத் தெற்கு, கிழக்கு மேற்கு ரயில் பாதைகள் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுபோய், இரண்டரை லட்சம் பேருக்கு மேல் தவித்தார்கள். அன்று நான் அங் மோ கியோவிலிருந்து ஈசூன் வரை நடந்தே வந்தேன். 2011ஆக இருந்திருந்தால், அந்த நடையில் என்னோடு வந்தவர்கள் அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். இந்த முறை ரயில் நிறுவனத்தைத்தான் திட்டினார்கள். சரிசெய்துவிடுவார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். 2011க்கும் 2015க்கும் இடையே எங்களுக்குள் என்ன மாறியது என்று கேட்டால், அந்தப் பேச்சைத்தான் காட்டுவேன். அது நிலையாக நிற்கவும் இல்லை. 2020 தேர்தலில் ஆளுங்கட்சி 61.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. செங்காங் என்ற இரண்டாவது குழுத்தொகுதியையும் இழந்தது.

2015 செப்டம்பர் 11ஆம் தேதி காலையில், அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து எங்கள் புளோக்குக்கு எதிரில் இருந்த வாக்களிப்பு நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அடையாள அட்டையை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது, முன்னோடி அட்டையும் அந்தக் கடிதமும் மடித்த மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தன. திரும்பி வரும்போது, யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். அம்மா கைப்பையின் வாயை இழுத்து மூடினார்.

"உங்கப்பாகிட்டயே சொன்னதில்லப்பா," என்றார்.